அஞ்சலை கட்டத்தை ஏன் எடுக்கக்கூடாது

போன ஞாயிற்றுக்கிழமை. அடுப்பில் வஞ்சிரம் வறுபட்டுக்கொண்டிருந்தது. நான் வேலை பார்த்த கம்பெனியிலிருந்து பிரவீன் போன் செய்தான். நான் ரிட்டயர் ஆகி இரண்டு வருடமாகிறது. என் நாற்காலியில் இப்போது உட்காருவது அவன்தான். கெட்டிக்காரன். ஞாயிற்றுக்கிழமை சமையல் நேரத்தில் போன் செய்யக்கூடாது என்பது மட்டும்தான் அவனுக்குத் தெரியாது.

"மேடம், ஒரு சின்ன டவுட்டு. நம்ம டிசைன் ரிப்போர்ட் ஃபார்ம்ல கடைசியா ஒரு கட்டம் இருக்கே, 'அஞ்சலை'ன்னு. அது எதோட சுருக்கம் மேடம்?"

"சுருக்கமா?"

"இங்க யாருக்கும் தெரியல. ஒருத்தரு அது ஜெர்மன் வார்த்தைன்றாரு. இப்ப புது சாஃப்ட்வேர் வந்திருக்கு மேடம், ரிப்போர்ட் தானா வருது. மத்த கட்டம் எல்லாத்தையும் அதுவே நிரப்பிடுது. இந்த ஒண்ணு மட்டும் காலியா நின்னுகிட்டு எரர் காட்டுது. எடுத்துரலாமான்னு மேனேஜர் கேக்குறாரு. வர்ற வெள்ளிக்கெழம முடிவு பண்றாங்க."

மீன் கருகும் வாசனை வந்தது. "எடுத்துராத. நான் எழுதி அனுப்புறேன்" என்று போனை வைத்துவிட்டு அடுப்படிக்கு ஓடினேன். அந்த எழுத்துதான் இது. ஒரு பக்கத்தில் முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ரிட்டயர் ஆனவள் கையில் பேனாவைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பது தெரிந்ததுதானே.

நான் கடலூரில் ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்தவள். அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு படகும் அதில் அடிக்கடி மக்கர் செய்யும் ஒரு இன்ஜினும் இருந்தன. அந்த இன்ஜினின் புண்ணியத்தில்தான் எனக்கு ஒயர், ஸ்விட்ச், பேட்டரி எல்லாம் சின்ன வயதிலேயே பழக்கம். பிறகு சிதம்பரத்தில் நான்கு வருடம் எலக்ட்ரானிக்ஸ் படித்தேன். தினமும் பஸ்ஸில் போய் பஸ்ஸில் வந்தேன். போகும்போது படித்தேன், வரும்போது தூங்கினேன், வகுப்பில் இரண்டையும் கலந்து செய்தேன். பாஸ் ஆனதும் கடலூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை கிடைத்தது. மோட்டாருக்கு டைமர், தொட்டிக்கு லெவல் கன்ட்ரோலர், பலவிதமான அலாரப் பெட்டிகள் செய்யும் கம்பெனி. அப்பா கடைசிவரை நான் ரேடியோ ரிப்பேர் செய்கிறேன் என்றே நம்பிக்கொண்டிருந்தார். நானும் திருத்தவில்லை. குப்பத்தில் ரேடியோ ரிப்பேருக்கு நல்ல மரியாதை.

உண்மையில் என் வேலை சென்சிடிவிட்டி அனாலிசிஸ். புத்தகத்தில் உணர்திறன் பகுப்பாய்வு என்று போட்டிருக்கும். கம்பெனியில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. ஒரு சர்க்யூட்டைச் செய்வதற்கு முன்னால் அதைக் கம்ப்யூட்டரில் வரைந்து ஓட்டிப் பார்ப்போம். கடையில் வாங்கும் பாகம் எதுவும் மேலே எழுதியிருக்கும் அளவில் அப்படியே இருக்காது. ஆயிரம் என்று போட்ட ரெசிஸ்டர் தொள்ளாயிரத்து ஐம்பதாக இருக்கும், ஆயிரத்து ஐம்பதாகவும் இருக்கும். ஒரு சர்க்யூட்டில் நாற்பது பாகம் இருந்தால், அதில் எது கொஞ்சம் நகர்ந்தால் மொத்த வேலையும் நகரும், எது என்ன ஆட்டம் ஆடினாலும் ஒன்றும் ஆகாது என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு, ஆபத்தானதை மேலேயும் அப்பாவியைக் கீழேயும் வைத்து ஒரு பட்டியல் தரும். மேலே இருப்பதை உயர்ந்த ரகமாக வாங்க வேண்டும். கீழே இருப்பது கிடைத்த ரகத்தில் போதும்.

இதை என் அண்ணிக்குப் புரியவைக்க நான் கண்டுபிடித்த உதாரணம் மீன் குழம்பு. புளி கொஞ்சம் கூடினால் குழம்பு போச்சு, எனவே புளி பட்டியலில் மேலே. வெந்தயம் ஒரு நொடி கருகினாலும் கசக்கும், அது அடுத்தது. மிளகாய்த்தூள் நடுவில். வெங்காயம் நாலு கூடப் போட்டாலும் யாரும் கேட்க மாட்டார்கள், அது கடைசி. அண்ணிக்கு உடனே புரிந்தது. அதற்குப் பிறகு கல்லூரிப் பசங்கள், ஆடிட்டர், ஒரு தடவை பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் என்று எல்லோருக்கும் இந்தக் குழம்பைத்தான் ஊற்றினேன். அந்தக் குழம்பில் ஒரு பெரிய குறை இருந்தது. பல வருடம் யாரும் கண்டுபிடிக்கவில்லை, நான் உட்பட.

எங்கள் டிசைன் பிரிவுக்குத் தலைவர் ஷாகுல் சார், பரங்கிப்பேட்டைக்காரர். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, காகிதத்தை மூக்குக்கு அருகே வைத்துத்தான் படிப்பார். திட்டவே மாட்டார். சிவப்புப் பேனாவால் ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி எழுதுவார். "எங்கே?" "யார்?" "எப்போது?" அதற்குமேல் ஒரு எழுத்து ஜாஸ்தி இருக்காது. அந்த ஒற்றைக் கேள்விக்கு ராத்திரி முழுக்க விடை தேட வேண்டியிருக்கும். திட்டியிருந்தால் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம்.

அவர் மேசையில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கும். பட்டியலைக் கம்ப்யூட்டர் தருவதற்கு முன்னால், எந்தப் பாகம் முதலிடம் வரும் என்று பிரிவில் உள்ள ஒவ்வொருவரும் ஒரு சீட்டில் எழுதி, மடித்து, ஸ்டேப்ளர் அடித்து டின்னில் போட வேண்டும். ஊகிக்காமல் ஓட்டக்கூடாது என்பது சட்டம். அந்தக் காலத்து கம்ப்யூட்டர் ஒரு சர்க்யூட்டை முடிக்க மதியச் சாப்பாட்டு நேரம் முழுவதும் எடுத்துக்கொள்ளும். அதுவரை டின்னைச் சுற்றி ஒரே பந்தய வாதம். தோற்றவர் எல்லோருக்கும் கேட் கடை போண்டா வாங்க வேண்டும். சார்தான் அதிகம் தோற்பார். "கம்ப்யூட்டருக்கு என் மேல என்னா கோவமோ தெரியல" என்று சட்டைப் பையைத் தடவுவார்.

எனக்கு விழுந்த முதல் அடி கம்மாபுரத்தில். அங்கே சில வயல்களுக்கு மோட்டார் டைமர் செய்துகொடுத்தோம். அரை மணி நேரம் ஓடி நிற்க வேண்டிய மோட்டார், சித்திரையில் தன் இஷ்டத்துக்கு நின்றது. நான் பட்டியலை எடுத்துக்கொண்டு சாரிடம் போய், எல்லாம் சரியாகத்தான் ஓட்டிப் பார்த்தேன் என்று சாதித்தேன். அவர் காகிதத்தை மூக்கருகே கொண்டுபோனார். மேல் மூலையில், யாரும் படிக்காத சின்ன எழுத்தில், வெப்பநிலை இருபத்தேழு டிகிரி என்று அச்சாகியிருந்தது. நாம் எதுவும் சொல்லாவிட்டால் அந்த மென்பொருள் தானாக எடுத்துக்கொள்ளும் அளவு அது. அதைச் சிவப்பில் வட்டமிட்டு பக்கத்தில் "எப்போது?" என்று எழுதினார்.

எனக்கு விளங்கவில்லை.

"கம்மாபுரத்துல தகரக் கொட்டாயிக்குள்ள இருபத்தேழு டிகிரி எப்பம்மா இருந்துச்சி? போயி நின்னு பாத்துட்டு வா."

போய் நின்று பார்த்தேன். பத்து நிமிடத்தில் நானே நிற்க முடியாமல் வேப்பமரத்தடிக்கு வந்துவிட்டேன். அன்றிலிருந்து எந்த சர்க்யூட்டானாலும் ஐம்பது டிகிரிவரை ஓட்டாமல் கையெழுத்துப் போட மாட்டேன். எனக்கு ஞானம் வந்துவிட்டது என்று நானே முடிவு செய்துகொண்டேன். ஞானம் வந்துவிட்டதாக நினைத்த பிறகுதான் பெரிய தப்பெல்லாம் நடக்கும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சுமார் பதினைந்து வருடத்துக்கு முன்னால் தடுப்பூசி மருந்து வைக்கும் ஃபிரிட்ஜுகளுக்கு ஒரு அலாரப் பெட்டி செய்தோம். ஃபிரிட்ஜுக்குள் எட்டு டிகிரிக்கு மேல் சூடு ஏறினால் மருந்து கெட ஆரம்பிக்கும். அதற்குள் பெட்டி கத்த வேண்டும். கரண்ட் போனாலும் கத்த வேண்டும் என்பதால் பேட்டரியில் ஓடும். மருந்தை எடுக்கக் கதவைத் திறந்தாலே கத்திவிடக்கூடாது அல்லவா? அதற்காக இரண்டு நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கத்தும்படி உள்ளே ஒரு தாமதம் வைத்தோம். சொட்டுச் சொட்டாக ஒழுகும் குழாயடியில் குடம் வைத்த மாதிரி. குடம் முக்கால்வாசி நிறைந்தால் அலாரம். சர்க்யூட்டில் குடம் என்பது கப்பாசிட்டர். சொட்டும் குழாய் என்பது மிகப் பெரிய அளவுள்ள ஒரு ரெசிஸ்டர். இரண்டும் பட்டியலில் முதல் இரண்டு இடம் பிடித்தன. இரண்டையும் உயர்ந்த ரகமாக வாங்கினோம்.

கடைசியாக ஒன்று மிச்சம் இருந்தது. சாலிடர் செய்து முடித்த போர்டின் மேல் ஒரு வார்னிஷ் பூசிக் காயவைப்பது எங்கள் வழக்கம். காய அரை நாள் பிடிக்கும். ஆர்டர் அவசரம், வார்னிஷ் இல்லாமல் அனுப்பினால் என்ன என்று உற்பத்திப் பிரிவு கேட்டது. ஷாகுல் சார் மகள் கல்யாண லீவில் இருந்தார். முடிவு என் கையில். நான் பொறுப்பானவள் இல்லையா? வார்னிஷ் உள்ள சர்க்யூட்டை ஒரு தடவையும், இல்லாத சர்க்யூட்டை ஒரு தடவையும் கம்ப்யூட்டரில் ஓட்டினேன். பட்டியலில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. "பாதிப்பு இல்லை, தவிர்க்கலாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நான் செய்த காரியத்தை இப்போது நினைத்தாலும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. ரெசிஸ்டருக்கு ஒரு குறி உண்டு, கப்பாசிட்டருக்கு ஒரு குறி உண்டு. வார்னிஷுக்குக் குறியே கிடையாது. அதைப் படத்தில் வரையவே முடியாது. ஆகவே நான் ஓட்டிய இரண்டு சர்க்யூட்டும் ஒரே சர்க்யூட். ஒரே படத்தை இரண்டு தடவை ஓட்டி, ஒரே விடை வந்தது என்று சந்தோஷப்பட்டவள் நான்.

அடுத்த மழைக்காலத்தில் பிச்சாவரம் பக்கம் ஒரு கடலோர ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ஒரு பெட்டி திரும்பி வந்தது. ஒரு விடுமுறை நாளில் காலையிலேயே கரண்ட் போய், ஃபிரிட்ஜ் சூடேறி, மருந்து அத்தனையும் கெட்டுப்போயிருந்தது. மறுநாள் புதன்கிழமை, ஊசி போடும் நாள். அங்கிருந்த நர்ஸ் புட்டியைக் கையில் எடுத்ததும் அதன் மேல் ஒட்டியிருந்த சின்னச் சதுரம் கறுத்திருப்பதைப் பார்த்திருக்கிறார். சூடு பட்ட மருந்தின் அடையாளம் அது. குழந்தைகளோடு வந்திருந்த தாய்மார்களைத் திருப்பி அனுப்பிவிட்டு மேலே தகவல் கொடுத்திருக்கிறார். எந்தக் குழந்தைக்கும் கெட்ட ஊசி போகவில்லை.

அலாரம் அடித்ததா என்பதுதான் கேள்வி. நர்ஸ் குடியிருந்த குவார்ட்டர்ஸ் பக்கத்துச் சுவர். அடிக்கவில்லை என்றார் அவர். நான் பெட்டியை எங்கள் லேபில் வைத்துச் சோதித்தேன். இரண்டாவது நிமிடம் கணீரென்று கத்தியது. பட்டியலை மறுபடி ஓட்டினேன், ஐம்பது டிகிரியிலும் ஓட்டினேன். "கருவி சரியாக இயங்குகிறது" என்று ரிப்போர்ட் எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

பத்து நாள் கழித்து, காலை பதினோரு மணிக்கு, ஒரு மஞ்சள் பையோடு ஒரு பெண் நேராக என் மேசைக்கு வந்தார். கையில் என் ரிப்போர்ட்டின் ஜெராக்ஸ்.

"இதுல கையெழுத்து போட்டது நீங்கதானா மேடம்? நான்தான் அந்த நர்சு. அஞ்சலை."

"உக்காருங்க சிஸ்டர்."

"உக்கார வரல. என்கொயரில என்னா சொல்றாங்க தெரியுமா? கரண்டு போனதுக்கு யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. ஃபிரிட்ஜு நல்ல ஃபிரிட்ஜு. அலாரப் பொட்டியும் நல்ல பொட்டின்னு நீங்க எழுதிக் குடுத்துட்டீங்க. அப்ப மிச்சம் யாரு? நான்தான். அலாரம் அடிச்சிருக்கு, நீ எழுந்து வரலன்றாங்க. பதினாறு வருஷ சர்வீசு மேடம். அடுத்த வாரம் சஸ்பென்ஷன் ஆர்டர் வந்துரும்."

"நானே பத்து தடவ டெஸ்ட் பண்ணேன் சிஸ்டர். பத்து தடவையும் அடிச்சிது."

"எங்க அடிச்சிது?"

"இங்கதான், லேப்ல."

அவர் தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருந்த ஏ.சி.யை நிமிர்ந்து பார்த்தார். "இங்க அடிக்கும் மேடம். இங்க வச்சா நான்கூட நல்லா வேல செய்வேன்."

சொல்லிவிட்டுப் போயே விட்டார். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இவ்வளவு படித்து, இவ்வளவு ஓட்டிப் பார்த்து, ஒரு நர்ஸ் வந்து லேபைக் கிண்டல் செய்வதா? திரும்பினால் தடுப்புக்குப் பின்னாலிருந்து ஷாகுல் சார் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தம்மா நம்ம டிபார்ட்மென்ட்ல இருக்க வேண்டியவங்க. என் கேள்விய கேட்டுட்டாங்க" என்றார். "நாளைக்கு ஆன் டூட்டி போட்டுக்க. போயி நின்னு பாத்துட்டு வா."

மறுநாள் முதல் பஸ்ஸில் சிதம்பரம் போனேன். அஞ்சலைக்குச் சொல்லியிருந்ததால் அவர் பஸ் ஸ்டாண்டிலேயே காத்திருந்தார். இட்லியும் கத்தரிக்காய் கொத்சும் வாங்கித் தராமல் விடவில்லை. வேலை போகப்போகிறவர் வாங்கித் தர, அதற்குக் காரணமானவள் சாப்பிட்டேன். கொத்சு மட்டும் பிரமாதம். பிறகு டவுன் பஸ்ஸில் கிராமத்துக்குப் புறப்பட்டோம். சும்மா இருக்க முடியாமல் அவர்தான் ஆரம்பித்தார்.

"அது என்னா மேடம், ரிப்போர்ட்ல சென்சிடிவிட்டி சென்சிடிவிட்டின்னு பத்து எடத்துல போட்டிருக்கீங்க?"

நான் உடனே குழம்பை எடுத்துவிட்டேன். புளி, வெந்தயம், மிளகாய்த்தூள், வெங்காயம். அவர் கவனமாகக் கேட்டார். எல்லாம் கேட்டுவிட்டு, "உப்பு?" என்றார்.

"என்ன சிஸ்டர்?"

"கொழம்புக்கு உப்பு போடலியே மேடம் நீங்க."

"உப்பு எப்பவும் சரியாத்தானே போடுவோம். அதனால லிஸ்ட்டுல சேக்கறதில்ல."

"ஓகோ" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சமைக்கத் தெரியாதவளிடம் என்ன பேச்சு என்று நினைத்திருப்பார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எட்டு மணி இருக்கும். வானம் மூட்டமாக இருந்தது. கடல் காற்று ஈரமாக முகத்தில் அப்பியது. ஃபிரிட்ஜ் இருந்த அறையின் ஜன்னல் கடலைப் பார்த்திருந்தது. அங்கே இன்னொரு ஃபிரிட்ஜும், அதற்கு நாங்கள் செய்த இன்னொரு பெட்டியும் இருந்தன. சூட்டை அளக்கும் முனையை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து என் உள்ளங்கையில் பொத்திக்கொண்டேன். சிவப்பு விளக்கு எரிந்தது. சூடு ஏறியதைப் பெட்டி கண்டுகொண்டது; இனி இரண்டு நிமிடத்தில் கத்த வேண்டும். கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு நிமிடம் ஆனது. மூன்று. ஐந்து. அஞ்சலை பஞ்சை உருட்டி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார். பத்து நிமிடம் ஆயிற்று. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது, பெட்டி மூச்சுவிடவில்லை.

ஸ்க்ரூ கழற்றி மூடியைத் திறந்தேன். போர்டு பார்க்கப் பளிச்சென்றுதான் இருந்தது. மீட்டரை எடுக்கப் பையில் கைவிட்டவள், ஏனோ எடுக்காமல், போர்டை விரலால் தடவி விரலை நாக்கில் வைத்தேன். அப்பா அப்படித்தான் செய்வார். இன்ஜின் மக்கர் செய்தால் முதலில் ஒயரைத் தடவி நாக்கில் வைப்பார். கரித்தால் நல்ல தண்ணீர்த் துணியால் துடைப்பார். கரிக்காவிட்டால்தான் மெக்கானிக்கைக் கூப்பிடுவார்.

கரித்தது.

"உப்பு சிஸ்டர்."

"நான்தான் பஸ்லயே கேட்டனே மேடம்" என்றார் அஞ்சலை.

கண்ணுக்குத் தெரியாத உப்புப் படலம். ஈரக் காற்றுப் பட்டால் அதன் வழியே மின்சாரம் கசியும். குழாய் சொட்டுச் சொட்டாகக் குடத்தை நிரப்பப் பார்க்கிறது; உப்பு அடியில் ஓட்டை போட்டு வைத்திருக்கிறது. எத்தனை மணி நேரம் ஆனாலும் குடம் நிறையாது, பெட்டி கத்தாது. அதையே ஏ.சி. அறையில் வைத்தால் ஈரம் போய் ஓட்டை அடைபடும், பெட்டி கணீரென்று கத்தும். வார்னிஷ் பூசியிருந்தால் உப்பு போர்டைத் தொட்டே இருக்காது.

பத்து மணிக்கு மூட்டம் விலகி வெயில் வந்தது. போர்டைக் காம்பவுண்டுச் சுவர் மேல் அரை மணி நேரம் காயவைத்து மறுபடி மாட்டினேன். இரண்டாவது நிமிடம் கத்தியது. வரிசையில் இருந்த கர்ப்பிணிப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். அஞ்சலை வாசற்படியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அத்தனை நாள் அழாதவர் அப்போதுதான் அழுதார். எனக்கு அலாரத்தை நிறுத்தத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது. மீனவர் வீட்டில் பிறந்து, உப்பு தின்னாத இரும்பு எது என்று கேட்டு வளர்ந்தவள், ஒரு கம்ப்யூட்டர் கேட்கவில்லை என்பதற்காக உப்பை மறந்திருந்தேன்.

அன்று மாலையே கடலூர் திரும்பி, அந்தக் கசிவையும் ஒரு ரெசிஸ்டராகப் பாவித்துக் கப்பாசிட்டருக்குக் குறுக்கே வரைந்து ஓட்டினேன். பட்டியலில் எல்லோரையும் தள்ளிவிட்டு அதுதான் முதலிடத்தில் வந்து உட்கார்ந்தது. கசிவுப் பாதையின் தடை இருபது மெகா ஓமுக்குக் கீழே இறங்கினால் அலாரம் அடிக்கவே அடிக்காது என்று கம்ப்யூட்டர் சமர்த்தாகச் சொன்னது. கேட்டால்தான் சொல்லும்.

அடுத்தது ரிப்போர்ட். என் பழைய கையெழுத்தை நானே தப்பு என்று எழுத வேண்டும். சுலபமா என்ன? முதல் நகலில் "கருவியில் குறை இருந்திருக்க வாய்ப்பு உண்டு" என்று எழுதினேன். ஷாகுல் சார் சிவப்புப் பேனாவால் நடுவில் இரண்டு வார்த்தையை அடித்தார். "கருவியில் குறை உண்டு" என்று நின்றது. அடுத்த பத்தியில் "வார்னிஷ் பூசுவது தவிர்க்கப்பட்டது" என்று இருந்தது. அதன் ஓரத்தில், "யாரால்?"

நான் அந்தக் கேள்வியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வேலை போய்விடும் என்று பயமாகத்தான் இருந்தது. பிறகு "என்னால்" என்று எழுதி, பெயரையும் எழுதினேன். சார் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு, என் பெயருக்குக் கீழே தன் பெயரையும் எழுதினார்.

"நீங்க லீவுல இருந்தீங்களே சார்."

"லீவு எடுத்தவனும் நான்தானேம்மா" என்றார்.

முதலாளி அறையில் அவர் ஒரு மணி நேரம் இருந்தார். வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது, ஆனால் ரிப்போர்ட்டில் ஒரு எழுத்து மாறவில்லை. அனுப்பிய பெட்டிகள் அத்தனையும் திரும்ப வரவழைக்கப்பட்டு வார்னிஷ் பூசப்பட்டன. அந்த வருடம் எனக்கு வர வேண்டிய பிரமோஷன் வரவில்லை. வருத்தம்தான், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். போண்டாவும் நான்தான் வாங்கினேன்.

இரண்டு வாரம் கழித்து அஞ்சலை போன் செய்தார். "மேடம், ஆர்டர் வந்துச்சி. 'குற்றச்சாட்டு கைவிடப்படுகிறது'ன்னு போட்டிருக்கு. படிக்கிறேன் கேளுங்க." மூன்று தடவை படித்தார். மூன்று தடவையும் கேட்டேன்.

அதற்குப் பிறகுதான் ரிப்போர்ட் ஃபார்மின் கடைசியில் ஒரு கட்டம் போடச் சொல்லி சாரிடம் கேட்டேன். "படத்தில் வரையாதது எது?" என்பது அதன் தலைப்பு. போய் நின்று பார்த்தவர் கையால் எழுத வேண்டும். காலியாக விட்டால் கையெழுத்து கிடையாது. தலைப்பு நீளமாக இருந்ததால் எல்லோரும் "அஞ்சலை போட்டாச்சா?" என்றே கேட்க ஆரம்பித்தார்கள். ஃபார்மை மறுபடி அச்சடித்தபோது அச்சிலும் அதுவே வந்துவிட்டது. அதில் பசங்கள் எழுதியதை எல்லாம் சேர்த்தால் தனிப் புத்தகம் போடலாம். நெல்லிக்குப்பத்தில் ஒரு பேனலுக்கு "பல்லி" என்று எழுதினார்கள். சூட்டுக்கு உள்ளே போய் இரண்டு கம்பிக்கு நடுவே படுத்துக்கொள்கிறதாம். இன்னொன்றில் "கரும்புச் சாறு பட்ட கை". ஒன்றில் "எலி, இரண்டு". எந்த மென்பொருளும் இதைத் தானாக நிரப்பாது பிரவீன்.

இதை எழுதும் முன் அஞ்சலையிடம் அனுமதி கேட்கலாம் என்று நேற்று போன் செய்தேன். இப்போது வடலூர் பக்கம் பெரிய பொறுப்பில் இருக்கிறார்.

"எங்க கம்பெனி ஃபார்ம்ல உங்க பேர்ல ஒரு கட்டம் இருக்கு சிஸ்டர்."

"என் பேர்லயா? எத்தினி நாளா?"

"பதினஞ்சு வருஷமா."

"அடப்பாவி மேடம், சொல்லவே இல்லியே" என்று சிரித்தார். எதற்கு அந்தக் கட்டம் என்று விளக்கினேன். பிறகு, இப்போது அதை எடுக்கப் பார்க்கிறார்கள் என்றும், காலியாக விட்டால் மெஷின் எரர் காட்டுகிறதாம் என்றும் சொன்னேன்.

"காட்டட்டும் மேடம்" என்றார் அஞ்சலை. "அன்னிக்கி அந்தப் பொட்டி அதத்தான காட்டாம உட்டுச்சி."

பிரவீன், வெள்ளிக்கிழமை மேனேஜரிடம் இதை மட்டும் சொல்லிவிடு.